சார்புகளை அடுத்தடுத்து இணைப்பதற்கு மேல் கேட்டகரி தியரி நிரலருக்கு என்ன தருகிறது?

கேள்வி: சத்துவாச்சாரி நிரலர்

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் உள்ள ஒரு தோல் பதனிடும் ஆலைக்காக, ஒவ்வொரு லாட்டும் (ஒன்றாகப் பதனிடும் தோல் தொகுதி) எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதற்கு இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருளை எங்கள் சிறு குழு பராமரித்து வருகிறது. பச்சைத் தோல் சுண்ணாம்பையும் குரோம் டிரம்மையும் கடந்து வெட் புளூ ஆகிறது. வெட் புளூ சீவப்பட்டு, சாயமேறி, உலர்ந்து கிரஸ்ட் ஆகிறது. கிரஸ்ட் மேற்பூச்சு பெற்று முடித்த தோலாகிறது. நிரலிலும் இதே ஒழுங்கைத்தான் வைத்திருக்கிறோம். எந்த மொழியிலும் படிக்க வசதியாக, வகைக்குறிப்பும் சமன்பாடுமாக மட்டும் இங்கே தருகிறேன் (∘ குறிக்கு வலப்பக்கம் உள்ள சார்பே முதலில் இயங்கும்).

    பதனிடு : பச்சைத்தோல் -> வெட்புளூ
    சாயமேற்று : வெட்புளூ -> கிரஸ்ட்
    மெருகிடு : கிரஸ்ட் -> முடித்ததோல்

    முழுவேலை = மெருகிடு ∘ சாயமேற்று ∘ பதனிடு

தரவு வகைகளைப் பொருள்களாகவும் சார்புகளை அம்புகளாகவும் கொண்டால் இது ஒரு கேட்டகரி என்று படித்தேன். படித்தவுடன் எழுந்த ஐயம் இதுதான்: சார்புகளின் சேர்க்கையைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம், சேர்ப்பு விதி அங்கே தானாகவே உண்மையாகிறது, எதையும் செய்யாத சமனிச் சார்பை ஏன் ஒரு நிபந்தனையாகவே வைக்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை. அதோடு, எங்கள் சார்புகளில் சில தோற்றுப்போகக்கூடியவை (டிரம்மிலேயே கெட்டுப்போகும் தோல்கள் உண்டு), சில செலவையும் சேர்த்துக்கொண்டு வருபவை. இவற்றையும் அம்புகள் என்று சொல்லலாமா, அல்லது பாடநூல் எடுத்துக்காட்டுகளோடு இந்தக் கோட்பாடு நின்றுவிடுகிறதா? நடைமுறையில் பயன் உண்டென்றால், அதை நிரல் வழியாகவே யாராவது காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: குடியாத்தம் கணித ஆசிரியை

உங்கள் ஐயம் நியாயமானது. உங்கள் எடுத்துக்காட்டே அந்த ஐயத்தை உண்டாக்குகிறது என்பேன். அதில் பொருள்கள் கணங்களைப் போலவும் அம்புகள் சார்புகளைப் போலவும் இருப்பதால் விதிகள் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன.

    (ம ∘ (ச ∘ ப))(த) = ம(ச(ப(த))) = ((ம ∘ ச) ∘ ப)(த)

இலவசமாகக் கிடைப்பதன் விலை கண்ணுக்குத் தெரியாது. எனவே வரையறையைச் சார்பு என்ற சொல்லே இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். சில பொருள்கள் உள்ளன. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குச் செல்லும் அம்புகள் உள்ளன. ஓர் அம்பு முடியும் பொருளில் அடுத்த அம்பு தொடங்குமானால் இரண்டையும் சேர்த்து ஓர் அம்பாக்கும் முறை உள்ளது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சமனி அம்பு உள்ளது. சேர்க்கை சேர்ப்பு விதிக்கு உட்பட வேண்டும். சமனியை எந்தப் பக்கம் சேர்த்தாலும் அம்பு மாறக் கூடாது. பொருளுக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு இதில் எங்கும் இல்லை.

முழு எண்களைப் பொருள்களாகக் கொண்டு, 3 ≤ 7 என்பதால் 3 இலிருந்து 7 க்கு ஒரே ஓர் அம்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சார்பும் இல்லை, உள்ளிடும் மதிப்பும் இல்லை. 3 ≤ 7, 7 ≤ 12 என்ற இரண்டு அம்புகளைச் சேர்த்தால் 3 ≤ 12 கிடைக்கிறது. 3 ≤ 3 என்பது சமனி. இதுவும் முழுமையான ஒரு கேட்டகரிதான். ஆனால் ≤ ஐ எடுத்துவிட்டு < ஐ வைத்தால் சேர்க்கை அப்படியே இருக்கும், சமனி இல்லாமல் போகும். எனவே அது கேட்டகரி ஆகாது. மறுமுனையில், ஒரே ஒரு பொருளை வைத்து, எழுத்துச் சரங்கள் அனைத்தையும் அதிலிருந்து அதற்கே செல்லும் அம்புகளாகக் கொள்ளலாம். சரங்களை ஒட்டுவது சேர்க்கை. காலிச் சரம் சமனி. இத்தகைய ஒற்றைப் பொருள் கேட்டகரியைத்தான் நிரலர்கள் மோனாய்டு என்கிறார்கள்.

சமனி ஏன் வேண்டும் என்பதற்கு நிரலில் உடனே காட்டக்கூடிய விடை ஒன்று உண்டு. ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வியைச் சமனி இல்லாமல் கேட்கவே முடியாது.

    எழுது : எண் -> இலக்கச்சரம்
    படி : இலக்கச்சரம் -> எண்

    படி ∘ எழுது = சமனி
    எழுது ∘ படி ≠ சமனி

12 என்ற லாட் எண்ணை எழுதிப் படித்தால் 12 ஏ திரும்பி வரும். ஆனால் "0012" என்ற சரத்தைப் படித்து மீண்டும் எழுதினால் "12" தான் வரும். ஒரு பக்கம் மட்டும் சமனி கிடைக்கிறது என்ற இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளாமல் லாட் எண்ணைச் சரமாகச் சேமித்து, அதை எண்ணாக மாற்றி, மறுபடி சரமாக்கி ஒப்பிடும் நிரல்கள் உண்டு. அவற்றில் பழைய லாட்டுகள் காணாமற்போவது வியப்பல்ல. இரு பக்கமும் சமனி கிடைக்கும் அம்பையே சமவடிவ அம்பு என்கிறோம்.

கணிதவியலர்கள் சாமுவேல் ஐலன்பெர்க்கும் சாண்டர்ஸ் மெக்லேனும் 1945 இல் இந்த வரையறைகளை வெளியிட்டபோது அவர்கள் முன் இருந்தது கணிதச் சிக்கல், கணிப்பொறி அல்ல. வெவ்வேறு அமைப்புகளுக்கு இடையிலான மாற்றம் எப்போது "இயல்பானது" என்று துல்லியமாகச் சொல்ல விரும்பினார்கள். அதைச் சொல்ல ஃபங்க்டர் (ஒரு கேட்டகரியை இன்னொரு கேட்டகரிக்குக் கொண்டு செல்வது) தேவைப்பட்டது. ஃபங்க்டரைச் சொல்லக் கேட்டகரி தேவைப்பட்டது. நாம் பாடத்தைத் தலைகீழ் வரிசையில் படிப்பதால்தான் முதல் அத்தியாயம் பயனற்றதாகத் தோன்றுகிறது. தோற்றுப்போகும் சார்புகளைப் பற்றி, நிரல் எழுதுகிறவர்கள் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

மறுமொழி: ராணிப்பேட்டை பின்தள நிரலர்

ஆசிரியை அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தோற்றுப்போகக்கூடிய பதனிடு என்பது பச்சைத்தோலிலிருந்து வெட்புளூவுக்குச் செல்லும் சார்பு அன்று. ஒருவேளை(வெட்புளூ) என்ற வகைக்குச் செல்லும் சார்பு: தோல் தேறினால் உண்டு(வெட்புளூ), கெட்டால் இல்லை என்று தரும். அப்படியானால் அடுத்துள்ள சாயமேற்றுவோடு அதை நேரடியாகச் சேர்க்க முடியாது, முனைகள் பொருந்தா. அதற்காக அம்பு என்றால் என்ன என்பதையே மாற்றிக்கொள்கிறோம்: இனி பச்சைத்தோலிலிருந்து வெட்புளூவுக்கு ஓர் அம்பு என்றால், பச்சைத்தோலிலிருந்து ஒருவேளை(வெட்புளூ)வுக்கு ஒரு சார்பு என்று பொருள். சேர்க்கையையும் புதிதாக எழுத வேண்டும்.

    இணை(ச, ப)(த) =
        ப(த) = இல்லை எனில்: இல்லை
        ப(த) = உண்டு(வ) எனில்: ச(வ)

    சமனி(த) = உண்டு(த)

இல்லை வந்தவுடன் சங்கிலி நின்றுவிடும். உண்டு வந்தால் உள்ளிருப்பதை எடுத்து அடுத்த சார்புக்குக் கொடுக்கும். சேர்ப்பு விதியையும் சமனி விதியையும் தாளில் நீங்களே சரிபார்க்கலாம், இரண்டும் பொருந்தும். இந்த வகைக் கேட்டகரிக்குக் கணிதவியலர் ஹைன்ரிச் கிளைஸ்லியின் பெயர் வழங்குகிறது. அவர் இதை 1965 இல் எழுதியபோது நிரலாக்கம் அவர் நோக்கமாக இல்லை. நிரலின் பக்க விளைவுகளை (விடையோடு கூடவே வரும் தோல்வி, செலவுக் கணக்கு போன்றவற்றை) இந்த வடிவில் ஒழுங்குபடுத்தலாம் என்பதை 1989 அளவில் எயுஜேனியோ மொஜ்ஜி காட்டினார். ஹாஸ்கெல் நிரல் மொழியில் மோனாட் (ஒருவேளை போன்ற வகையும் அதற்கான இத்தகைய சேர்க்கையும் சமனியும் கொண்ட அமைப்பு) என்று எல்லோரும் அஞ்சும் சொல் அங்கிருந்துதான் வந்து சேர்ந்தது.

உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது செலவைச் சேர்க்கும் அம்புதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சார்பும் விளைபொருளோடு செலவையும் தருகிறது என்றால் சேர்க்கை இப்படி அமையும்.

    இணை(ச, ப)(த) =
        (வ, செலவு1) = ப(த)
        (க, செலவு2) = ச(வ)
        விடை: (க, செலவு1 + செலவு2)

    சமனி(த) = (த, 0)

இங்கே சேர்ப்பு விதி இலவசம் இல்லை. செலவுகளைக் கூட்டும் + என்ற செயலி எந்த அளவுக்குச் சேர்ப்பு விதிக்கு உட்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் இந்த அம்புகளும் உட்படும். தசம எண்களை மிதவைப் புள்ளியில் (கணிப்பொறி தசமங்களைத் தோராயமாகச் சேமிக்கும் முறை) வைத்திருந்தால் (0.1 + 0.2) + 0.3 என்பது 0.6000000000000001 என்றும், 0.1 + (0.2 + 0.3) என்பது 0.6 என்றும் வரும். பைத்தான் முனையத்தில் அடித்தே பார்க்கலாம். அது கடைசி இலக்கத்துச் சங்கதி, பலர் கண்டுகொள்வதில்லை. இதைவிடப் பெரிய சேதம், ஒவ்வொரு கட்டத்திலும் முழு ரூபாய்க்குச் சுருக்கும் பழக்கத்தால் வருகிறது. கணக்கு மென்பொருள்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

    கூட்டு(அ, ஆ) = முழுரூபாய்(அ + ஆ)

    கூட்டு(கூட்டு(0.40, 0.40), 0.60) = கூட்டு(1, 0.60) = 2
    கூட்டு(0.40, கூட்டு(0.40, 0.60)) = கூட்டு(0.40, 1) = 1

ஒரு சதுர அடிக்கு 40 காசு, 40 காசு, 60 காசு என்று மூன்று கட்டங்கள். எந்த இரண்டை முதலில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து விடை இரட்டிப்பாகிறது. சமனி ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, அதையும் இதே செயலியில் பாருங்கள்.

    கூட்டு(0.40, 0) = 0

சில லாட்டுகளுக்கு பஃபிங் (தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்குவது) தேவையில்லை. நிரலில் அந்த இடத்தில் எதுவும் செய்யாத, செலவு 0 உள்ள ஒரு கட்டத்தை வைத்து ஒப்பேற்றுவோம். அந்தக் கட்டம் 40 காசை விழுங்கிவிட்டது. எதையும் செய்யாத சார்பு உண்மையிலேயே எதையும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சமனி விதி. செலவைக் காசுகளாக, முழு எண்ணில் வைத்துக்கொண்டு, பட்டியல் அச்சிடும்போது மட்டும் சுருக்கினால் + மோனாய்டாகிவிடும், அம்புகளும் கேட்டகரியாகிவிடும். ஒரு காசுக்கும் குறைந்த விலைப்புள்ளிகள் இருந்தால் அலகை இன்னும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். சுருக்குவது மட்டும் நடுவில் வரக் கூடாது.

தொடர் கேள்வி: சத்துவாச்சாரி நிரலர்

இருவருக்கும் மிக்க நன்றி. நாள்வாரியாகக் கூட்டும் அறிக்கைக்கும் லாட்வாரியாகக் கூட்டும் அறிக்கைக்கும் இடையில் சில ரூபாய் வேறுபாடு இருப்பதாக ஆலைக் கணக்கர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுருக்கும் இடத்தைத் தேடிப் பார்க்கப்போகிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். லாட்டுகளின் பட்டியலை முதலில் ஒரு சார்பால் ஒரு சுற்றும், பிறகு இன்னொரு சார்பால் ஒரு சுற்றும் மாற்றி வந்தோம். இரண்டு சுற்றுகளையும் ஒன்றாக்கினோம். அதில் சிக்கல் வரவில்லை. ஆனால் ஜாவாவில் எழுதிய வேறொரு சேவையில், ஆப்ஷனல் (மதிப்பு ஒன்று இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற வகை) மீது அதே மாற்றத்தைச் செய்தபோது அறிக்கையே மாறிவிட்டது. தரம் பிரிக்காத லாட்டுகள் முன்பு அறிக்கையில் வரவில்லை, இப்போது வருகின்றன. ஒரே மாற்றம் ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தவறு என்பது எப்படி?

மறுமொழி: காட்பாடி ஆய்வு மாணவர்

இது ஃபங்க்டர் விதிக்கான கேள்வி. ஃபங்க்டர் ஒரு கேட்டகரியின் பொருள்களைப் பொருள்களுக்கும் அம்புகளை அம்புகளுக்கும் கொண்டு செல்கிறது. போகிற வழியில் சமனியையும் சேர்க்கையையும் கெடுப்பதில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டால், வகை அ வை அது பட்டியல்(அ) ஆக்குகிறது. அ விலிருந்து ஆ வுக்குச் செல்லும் சார்பைப் பட்டியல்(அ) விலிருந்து பட்டியல்(ஆ) வுக்குச் செல்லும் சார்பாக்குகிறது.

    ஒவ்வொன்றிலும்(சமனி) = சமனி
    ஒவ்வொன்றிலும்(ச ∘ ப) = ஒவ்வொன்றிலும்(ச) ∘ ஒவ்வொன்றிலும்(ப)

இரண்டு சுற்றுகளை ஒன்றாக்கலாம் என்பதற்கு உரிமை தருவது இரண்டாவது வரிதான். ஆப்ஷனலுக்கு அந்த உரிமை இல்லை. 2014 இல் வெளிவந்த ஜாவா 8 இலிருந்து இருக்கும் அந்த வகையில், நாம் கொடுக்கும் சார்பு வெற்று மதிப்பை (null) திருப்பினால், அதைக் காலி ஆப்ஷனல் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சேவையில் இப்படி நடந்திருக்க வேண்டும்.

    தரம்(லாட்) = வெற்று
    பெயரிடு(வெற்று) = "தரம் பிரிக்காதது"

    ஆப்ஷனல்(லாட்) -> தரம் -> பெயரிடு : காலி
    ஆப்ஷனல்(லாட்) -> (பெயரிடு ∘ தரம்) : "தரம் பிரிக்காதது"

முதல் வரியில் தரம் முடிந்தவுடன் காலி ஆகிவிடுவதால் பெயரிடு அழைக்கப்படுவதே இல்லை. இரண்டாவதில் வெற்று மதிப்பு இரண்டு சார்புகளுக்கும் நடுவிலேயே கைமாறிவிடுகிறது, ஆப்ஷனல் அதைப் பார்ப்பதில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால் சமனி விதி ஆப்ஷனலுக்கும் பொருந்துகிறது. அதை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தியிருந்தால் இந்தப் பிழை அகப்பட்டிருக்காது. வெற்று மதிப்பைத் திருப்பாத, ஏற்காத சார்புகளை மட்டும் அம்புகளாக எடுத்துக்கொண்டால் ஆப்ஷனல் ஃபங்க்டராகிவிடும். எனவே தரம் என்ற சார்பே ஆப்ஷனலைத் திருப்பும்படி எழுதிவிடுங்கள். பின்னர் மேலே பின்தள நிரலர் காட்டிய கிளைஸ்லிச் சேர்க்கையைப் பயன்படுத்துங்கள். ஜாவாவில் அதற்கான வசதி உண்டு. தரம் பிரிக்காத லாட் அறிக்கையில் வர வேண்டுமா கூடாதா என்பதை ஆலையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இப்போது அதை முடிவு செய்திருப்பது சுற்றுகளின் எண்ணிக்கை.

பட்டியலில் சிக்கல் வரவில்லை என்று நீங்கள் எழுதியதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்த இரண்டு சார்புகளும் தரவுத்தளத்தில் எதையாவது எழுதுகின்றனவா? எழுதினால், முன்பு எல்லா லாட்டுகளுக்கும் முதல் எழுத்து முடிந்த பிறகே இரண்டாவது எழுத்து தொடங்கியது. இப்போது லாட்டுக்கு லாட் மாறிமாறி நடக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் தரவுத்தளத்தில் எஞ்சும் நிலை வேறாக இருக்கும். திருப்பிக் கொடுக்கும் பட்டியல் ஒன்றே என்பதால் இரண்டு நிரல்களும் ஒன்று என்று ஆகாது.

ஆசிரியை குறிப்பிட்ட இயல்பான மாற்றத்துக்கும் உங்கள் நிரலிலேயே எடுத்துக்காட்டு இருக்கும். பட்டியலின் முதல் உறுப்பை எடுக்கும் சார்பு, காலிப் பட்டியலுக்கு இல்லை என்று தரட்டும். கீழே உள்ளே(ப) என்பது, ஒருவேளைக்குள் மதிப்பு இருந்தால் அதற்கு மட்டும் ப வைச் செலுத்தும் சார்பு.

    முதல் : பட்டியல்(அ) -> ஒருவேளை(அ)

    முதல் ∘ ஒவ்வொன்றிலும்(ப) = உள்ளே(ப) ∘ முதல்

இடப்பக்கம், எல்லா லாட்டுகளுக்கும் ப வைக் கணக்கிட்டு முதலாவதை எடுக்கிறது. வலப்பக்கம், முதலாவதை எடுத்து அதற்கு மட்டும் கணக்கிடுகிறது. ப எதுவாக இருந்தாலும் விடை ஒன்றே என்பதுதான் இயல்பு நிபந்தனை; பத்தாயிரம் லாட்டுகள் உள்ள பட்டியலில் இது வெறும் அழகியல் இல்லை. முதல் என்பது உறுப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்ப்பதால் நிபந்தனை பொருந்துகிறது. மிகக் குறைந்த செலவுள்ள லாட்டை எடுக்கும் சார்பு உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. செலவையே மாற்றும் ப ஒன்று வந்தால் இரு பக்கமும் வேறுபடும்.

பின்தள நிரலர் மோனாட் வரலாற்றையெல்லாம் இழுத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. சேர்க்கையும் சமனியும் பிடிபட்டவருக்கு அந்தப் பெயர் பிறகு தானாக வந்து சேரும்.

மறுமொழி: குடியாத்தம் கணித ஆசிரியை

வரலாறு இருக்கட்டும், கெடுதல் இல்லை. மேலே எல்லோரும் இரண்டு சார்புகளுக்கு நடுவில் = என்ற குறியை இட்டிருக்கிறோம்; அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு சார்புகள் சமம் என்றால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே விடையைத் தருகின்றன என்று பொருள். அவற்றின் நிரல் வரிகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த இரண்டு நிரல்களைக் கொடுத்தாலும் இந்தச் சமத்தைத் தீர்ப்பளிக்கும் பொதுவான நிரலை எழுத முடியாது என்பது 1953 இல் ஹென்றி ரைஸ் நிறுவிய தேற்றத்தின் கீழ் வருகிறது. எனவே விதிகளை ஒன்று நிறுவ வேண்டும், அல்லது ஏராளமான உள்ளீடுகளை எழுந்தமானமாக உண்டாக்கிச் சோதிக்க வேண்டும். ஹாஸ்கெல்லுக்கு குவிக்செக், பைத்தானுக்கு ஹைப்போதெசிஸ் என்று அதற்கான கருவிகள் இருக்கின்றன. சோதனை பிழையைக் காட்டுமே தவிர பிழையின்மையை நிறுவாது.

உங்கள் நிரலில் காசுகளை வரம்பற்ற முழு எண்ணாக வைத்தால் கூட்டலின் சேர்ப்பு விதி நிறுவப்பட்ட ஒன்று, சோதனை தேவையில்லை. சுருக்கும் செயலி இன்னும் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சேர்ப்பு விதிச் சோதனையைவிடச் சமனி விதிச் சோதனையை முதலில் எழுதுங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் பின்னும் செலவு 0 உள்ள கட்டம் ஒன்றைச் செருகி, மொத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். அதற்கு மூன்று அம்புகள் வேண்டியதில்லை, ஒன்று போதும். தவறும் இடமும் உடனே தெரிந்துவிடும். ஆப்ஷனல் சேவைக்கு மட்டும் இரண்டு அம்புகளை வைத்து எழுத வேண்டும், அவற்றில் முதலாவது வெற்று மதிப்பைத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.